வேலூரிலிருந்து பட்டாம்பூச்சி பார்க்க: பன்னேர்கட்டாவா, திருச்சியா, அமிர்தியா, பள்ளித் தோட்டமா?

முதலில் கிழமையைப் பாருங்கள். பெங்களூரை ஒட்டிய பன்னேர்கட்டா, சென்னைப் பக்கம் வண்டலூர், திருச்சி மேலூர் மூன்றுக்கும் வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. ஞாயிறு கூட்டத்துக்குப் பயந்து வார நாளில் போகலாம் என்று கிளம்புகிறவர்கள் சிக்குவது இந்தச் செவ்வாயில்தான். சில பண்டிகைக் காலங்களில் செவ்வாயன்றும் திறப்பார்கள். அதை முதல் நாளே உறுதி செய்துகொள்ளாமல் 200 கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டாம்.

அடுத்து மாதமும் மணியும். எந்த ஊருக்குப் போவது என்று வீட்டில் சண்டை போடுவதற்கு முன் இந்த இரண்டையும் முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பட்டாம்பூச்சிக்கு நெஞ்சுத் தசை சூடேறாமல் பறக்க வராது. அதனால் காலையில் சிறகை விரித்து இலைமேல் வெயில் காயும். நன்றாகப் பறப்பது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. வெயில் 38 டிகிரியைத் தாண்டினால் இலைக்கு அடியில் ஒண்டிக்கொள்ளும். மேகம் மூடினாலும் அப்படித்தான். மாலை நான்குக்கு மேல் உறங்க இடம் தேட ஆரம்பித்துவிடும். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் போகிற குடும்பம் செடியைத்தான் பார்த்துவிட்டு வரும்.

மாதக் கணக்குக்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. மழை பெய்தால் செடி துளிர்க்கும். துளிரில்தான் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து சிறகு வர ஏறக்குறைய நான்கு வாரம். ஆக, நல்ல மழை பெய்து ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். வேலூர்ப் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்கால இடிமழை உண்டு, அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. எனவே ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நம் பக்கத்துக்கு நல்ல காலம். அக்னி நட்சத்திரத்தில், வேலூர் 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது, திறந்தவெளித் தோட்டம் எதுவும் சுகப்படாது. பள்ளி விடுமுறையோ அப்போதுதான். ஏப்ரல், மே தவிர வேறு நாள் கிடைக்காது என்கிற வீட்டுக்கு மிச்சமிருப்பது கூண்டு போட்ட இடம் ஒன்றுதான்.

பன்னேர்கட்டா

2006 நவம்பரில் திறந்த பூங்கா இது. இந்தியாவில் பட்டாம்பூச்சிக்கென்றே அமைத்த முதல் பூங்கா என்று சொல்வார்கள். மொத்தம் ஏழரை ஏக்கர். அதற்குள் பாலிகார்பனேட் கூரை போட்ட வட்டக் கூடம் ஏறக்குறைய 10,000 சதுர அடி. உள்ளே சின்ன அருவி, நீர்த் தூவல், பூச்செடிகள், நடக்கப் பாதை. ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் ஓரளவு கட்டுக்குள் வைத்திருப்பதால் மே மாதத்திலும் பட்டாம்பூச்சி இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைச் சொல்லலாம். பார்த்தோம் என்ற நிச்சயம் இங்கேதான் கிடைக்கிறது.

வேலூரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி, பர்கூர் வழியாகக் கிருஷ்ணகிரி 120, அங்கிருந்து ஓசூர் 50. ஓசூரைத் தாண்டியதும் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று நகரத்துக்குள் நுழையாதீர்கள். அத்திப்பள்ளியில் பிரிந்து ஆனேக்கல், ஜிகனி வழியாகப் போனால் பன்னேர்கட்டாவுக்கு நேராகப் போய்ச் சேரலாம். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பி, கிருஷ்ணகிரியில் இட்லி சாப்பிட்டுவிட்டு, ஒன்பதரைக்குக் கதவு திறக்கும்போது நிற்பதுதான் சரியான கணக்கு. வாடகை வேன் என்றால் கர்நாடகத்துக்குள் நுழைய அனுமதியும் வரியும் கட்டியாகிவிட்டதா என்று வண்டிக்காரரிடம் முன்னாலேயே கேளுங்கள். அத்திப்பள்ளி எல்லையில் நின்றபடி இதைப் பேசிக்கொண்டிருந்தால் காலை நேரம் போய்விடும். சொந்தக் காருக்கு இந்தத் தொல்லை இல்லை.

ரயிலைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. காட்பாடியில் காலை சதாப்தி பிடித்தாலும் பெங்களூரில் இறங்கும்போது பத்தரையைத் தாண்டும். அங்கிருந்து ஊரின் தென்கோடிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் பெங்களூர் போக்குவரத்தில் போக வேண்டும். போய்ச் சேரும்போது பட்டாம்பூச்சியின் நல்ல நேரம் முடிந்திருக்கும்.

அங்கே போனதும் எல்லாரும் செய்வது சஃபாரி வரிசையில் நிற்பது. சிங்கமும் புலியும் மத்தியானமும் இருக்கும், பட்டாம்பூச்சி இருக்காது. முதலில் பட்டாம்பூச்சிப் பூங்கா, அப்புறம் சஃபாரி. இரண்டுக்கும் சீட்டு தனித்தனி என்பதால் வாங்கும்போதே இரண்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கூடத்துக்குள் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஏசி காரிலிருந்து இறங்கி நேராக உள்ளே போனால் மூக்குக் கண்ணாடியும் கேமரா லென்சும் ஆவி படிந்து மங்கும். துடைக்கத் துடைக்க மறுபடி மங்கும். ஐந்து நிமிடம் வெளியே வைத்திருந்து எடுத்துப் போனால் போதும். வாசலில் இரட்டைக் கதவு இருந்தால் ஒன்று மூடிய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். பின்னால் வருகிற பிள்ளைக்காக இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்கும் நல்ல மனசு இங்கே வேண்டாம். உள்ளே எல்லாரும் ஆளுயரத்தில்தான் தேடுவார்கள். நிறையப் பட்டாம்பூச்சி இருப்பது இரண்டு இடங்களில்: கூரையோரம் வெயில் விழுகிற பக்கம், அப்புறம் இலைகளின் அடிப்புறம். குனிந்து கீழிருந்து மேலாக இலையைப் பாருங்கள். தரையையும் பாருங்கள். இறந்து கிடப்பது தென்பட்டால் பராமரிப்புக் குறை என்று முடிவுகட்ட வேண்டாம். பல வகைகளுக்குச் சிறகு முளைத்த பின் ஆயுள் இரண்டு மூன்று வாரம்தான்.

மேலே வந்து உட்கார்ந்தால் பிடித்து எடுக்கக் கூடாது. சிறகின் நிறம் என்பது கூரை ஓடுபோல அடுக்கிய மெல்லிய செதில்கள். விரல் பட்டால் பொடியாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதன் முன்கால் பக்கம் விரலை நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும், அப்படியே செடியில் விட்டுவிடலாம்.

குறையையும் சொல்ல வேண்டும். கூடத்தைப் பார்க்க முக்கால் மணி நேரம் தாராளம். கூண்டில் வளர்க்கச் சுலபமான வகைகளே அதிகம் இருக்கும் என்பதால் ஏற்கெனவே பத்து வகை அடையாளம் தெரிந்தவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. நானூறு கிலோமீட்டர் போய்வந்து முக்கால் மணி நேரம் என்று கணக்குப் போடுகிறவர்கள் மிருகக்காட்சிசாலையையும் சேர்த்துப் பார்த்தால்தான் மனசு ஆறும்.

வண்டலூர்

தூரத்தில் பெரிய இடங்களுக்குள் இதுதான் கிட்ட. காஞ்சிபுரம், வாலாஜாபாத், ஒரகடம் வழியாக 130 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் பேருந்தில் போகிறவர்களுக்கும் வசதி. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் பட்டாம்பூச்சிக்குத் தனி இல்லம் இருக்கிறது. ஆனால் பூங்கா 1,400 ஏக்கருக்கு மேல். அதில் பட்டாம்பூச்சி இல்லம் ஒரு மூலை. பிள்ளைகள் யானை, வெள்ளைப்புலி என்று இழுத்துக்கொண்டு போவார்கள், இந்த இல்லத்துக்கு வரும்போது மணி இரண்டாகிக் காலும் ஓய்ந்திருக்கும். பட்டாம்பூச்சிக்காகவே போகிறவர் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வேறு வேலையாகத் தாம்பரம் பக்கம் போகிறவர் காலையில் முதல் வேலையாக இதைப் பார்க்கலாம். இல்லம் அன்று திறந்திருக்கிறதா என்று சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், உள்ளே நடந்து போய் ஏமாற வேண்டாம்.

திருச்சி மேலூர்

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், மேலணைக் காப்புக்காட்டில் 2015 நவம்பரில் திறந்தது. ஏறக்குறைய 25 ஏக்கர். இதன் அமைப்பு பன்னேர்கட்டாவுக்கு நேர் எதிர். உள்ளரங்கம் ஒன்று உண்டு என்றாலும் பெரும்பகுதி திறந்தவெளி. புழு தின்னும் செடியையும் தேன் தரும் செடியையும் நெருக்கமாக நட்டுவிட்டார்கள், பட்டாம்பூச்சி தானாக வந்து குடியேறிவிட்டது. இங்கே பதிவான வகைகள் நூறுக்கும் மேல். சிறுவர்களுக்கான படகுக் குளம், நட்சத்திர வனம், இராசி வனம் எல்லாம் கூட உண்டு. உங்கள் நட்சத்திரத்துக்கு என்ன மரம் என்று பாட்டி தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் நிம்மதியாகப் பட்டாம்பூச்சி பார்க்கலாம்.

அக்டோபரிலிருந்து ஜனவரி வரை இந்த இடத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஏப்ரலில் போனால் வெயிலும் காய்ந்த செடியும்தான். கூண்டு இல்லாத இடத்தில் பட்டாம்பூச்சியை யாரும் பிடித்து வைத்திருக்க முடியாது. ‘ஒன்றுமே இல்லை’ என்று குறைப்படுகிறவர்களிடம் எந்த மாதம், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று கேட்டால் காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை வழியாக ஏறக்குறைய 270 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்வருவது முடியாத காரியமில்லை, ஆனால் மதியம் போய்ச் சேர்ந்து என்ன பயன்? முதல் நாள் மாலை ஸ்ரீரங்கம் போய்த் தங்கி, காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு ஒன்பதரைக்கு மேலூரில் இருப்பது நல்ல திட்டம். இரண்டு நாளைத் தவிர்க்க வேண்டும். ஒன்று பௌர்ணமி: கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலைச் சாலை நகராது, கார்த்திகை தீபத்தன்று கேட்கவே வேண்டாம். இன்னொன்று வைகுண்ட ஏகாதசி: ஸ்ரீரங்கத்தில் அறையும் கிடைக்காது, வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது. தீபமும் ஏகாதசியும் பட்டாம்பூச்சிக்கு நல்ல மாதங்களில் வந்து விழுவதுதான் சங்கடம். பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறியுங்கள்.

அமிர்தி

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலை அடிவாரம், ஓடை, சின்ன மிருகக்காட்சிசாலை. வேலூர்க்காரர் எல்லாரும் பள்ளிச் சுற்றுலாவில் ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள். பட்டாம்பூச்சிக்காக யாரும் போவதில்லை. போக வேண்டும் என்பதே எங்கள் கட்சி.

மழை பெய்து ஓடையில் கொஞ்சம் தண்ணீர் ஓடும் நாட்களில், வெயில் ஏறத் தொடங்கிய பின், கரையோர ஈர மணலைப் பாருங்கள். மஞ்சளும் வெள்ளையுமாகப் பத்து இருபது ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்து, சிறகை மூடி, நீண்ட உறிஞ்சுகுழலை மணலுக்குள் விட்டிருக்கும். அவற்றில் அநேகமாக எல்லாம் ஆண். அவை உறிஞ்சுவது மணலில் கரைந்திருக்கும் உப்பை. அந்த உப்பு இணை சேரும்போது பெண்ணுக்குப் போய், முட்டைக்குப் பயன்படுகிறது. பக்கத்தில் நடந்தால் ஒரே நேரத்தில் எழும்பும். அசையாமல் ஐந்து நிமிடம் நின்றால் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்து அதே ஈரத்தில் உட்காரும். கூண்டுக் கூடத்தில் இந்தக் காட்சி கிடைக்காது.

இன்னொன்று, பாதையோரக் கிலுகிலுப்பைச் செடியிலும் தேள்கொடுக்குச் செடியிலும் நீல வரியன், வெந்தய வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்றவை கொத்தாகத் தொங்கும். பூ இல்லாத காய்ந்த தண்டிலும் தொங்கும், ஏனென்றால் தேடி வந்தது தேனை அல்ல. செடியிலுள்ள ஒருவகை நச்சுப் பொருளை உறிஞ்சி, பெண்ணைக் கவரும் வாசனையை ஆண் அதிலிருந்து தயாரித்துக்கொள்கிறது. இவற்றில் நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்றவைதான் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை நோக்கிக் கூட்டம் கூட்டமாக நகர்கின்றன. செப்டம்பர், அக்டோபரில் மேல்பட்டி, குடியாத்தம் பக்கம் சாலையில் போகும்போது கருநீலப் பட்டாம்பூச்சிகள் எல்லாம் ஒரே திசையில் பறப்பதைக் கண்டால் வண்டியை ஓரம் கட்டிப் பாருங்கள்.

தொலைநோக்கி வாங்குவதானால் எட்டு மடங்கு போதும். ஆனால் இரண்டு மீட்டருக்குள் உள்ளதையும் தெளிவாகக் காட்டுமா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். பறவைக்கென்று விற்கும் பல தொலைநோக்கிகள் கிட்டத்தில் மங்கலாகத்தான் காட்டும். கைப்பேசியில் படம் எடுக்கும்போது உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது, நிழல் விழுந்தால் அக்கணமே பறக்கும். சூரியன் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி சுற்றி வந்து, குனிந்து நெருங்குங்கள்.

குறைகளும் உண்டு. நிச்சயம் கிடையாது. ஓடை வறண்ட மாதங்களில் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். கனமழை நாளில் ஓடைப் பக்கம் விடமாட்டார்கள். விட்டாலும் இறங்க வேண்டாம், மலையில் பெய்த தண்ணீர் சொல்லாமல் வரும். பூங்காவைத் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். பூச்சிவலை கொண்டு போகவே கூடாது. கையில் தின்பண்டம் தெரிந்தால் குரங்கு விடாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதற்கெல்லாம் பொறுமை இருக்காது. பத்து வயதுக்கு மேற்பட்ட, தானாக எதையாவது நோண்டிப் பார்க்கும் குணமுள்ள பிள்ளைக்குப் பன்னேர்கட்டாவைவிட அமிர்தி மேல்.

ஃபீனிக்ஸில் பிள்ளை இருக்கிறவர்களுக்கு

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வீடுகளிலிருந்து அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் படிக்கவும் வேலைக்கும் போனவர்கள் கணிசம். பெற்றோரை அங்கே அழைக்கும்போது பார்க்க வேண்டிய இடங்களில் ஃபீனிக்ஸின் பாபகோ பூங்காவிலுள்ள டெசர்ட் பொட்டானிக்கல் கார்டன் என்ற பாலைவனத் தோட்டம் கட்டாயம் இருக்கும். 1939-இல் தொடங்கியது, 140 ஏக்கர், முழுக்க வறண்ட நிலச் செடிகள். அங்கே பட்டாம்பூச்சிக் கூடம் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. மார்ச் முதல் மே முற்பாதி வரை ஒரு பருவம், அக்டோபர், நவம்பரில் இன்னொரு பருவம். நம்மவர்கள் பேரப்பிள்ளையின் பள்ளி விடுமுறையைக் கணக்கிட்டு ஜூன், ஜூலையில் போகிறார்கள். அப்போது ஃபீனிக்ஸில் 43 டிகிரி சாதாரணம், கூடமும் மூடியிருக்கும். வேலூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற தைரியம் அங்கே உதவாது. காற்றில் ஈரமே இல்லாததால் வியர்ப்பது தெரியாது, தாகம் தெரிவதற்குள் உடம்பு வற்றிவிடும்.

இரண்டு பருவத்தில் எது? சகுவாரோ என்ற ஆளுயரத்தைப் பலமடங்கு மிஞ்சும் கள்ளியின் பூவைப் பார்க்க ஆசை இருந்தால் வசந்தப் பருவத்தின் கடைசி, மே முதல் பாதி. அந்தப் பூ இரவில் விரிந்து மறுநாள் மத்தியானத்துக்குள் மூடிவிடும் என்பதால் காலையிலேயே போக வேண்டும். மோனார்க் என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிதான் வேண்டும் என்றால் அக்டோபர், நவம்பர். அலைச்சல் குறைவு, வெயிலும் தணிந்திருக்கும். எங்கள் ஓட்டு இதற்கே. தீபாவளியையும் பேரப்பிள்ளைகளோடு கொண்டாடியதாகிவிடும். ஜூனைத் தவிர வேறு வழியில்லை என்றால் பக்கத்து ஊரான ஸ்காட்ஸ்டேலில் 2013 முதல் இயங்கும் பட்டர்ஃப்ளை வொண்டர்லேண்ட் இருக்கிறது. மூடிய கண்ணாடிக் கூடம், ஆண்டு முழுவதும் திறப்பு, வெப்பமண்டல நாடுகளின் பட்டாம்பூச்சிகள். பாலைவனத் தோட்டத்தில் சோய்யா என்றொரு கள்ளி உண்டு. உரசினாலே துண்டாகப் பிய்ந்து துணியில் ஒட்டும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். தலைவாரும் சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவில் செருகி வெளிப்பக்கமாக நெம்பி எறியுங்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பது உத்தமம்.

மோனார்க்கைப் பார்த்ததும் நம்மூர் ஆள் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். தோன்றுவது சரிதான். எருக்கில் வளரும் நம் வெந்தய வரியனும் அதுவும் ஒரே பேரினம். அதன் புழுவும் எருக்கின் குடும்பத்துச் செடியைத்தான் தின்கிறது. வேலூருக்கு அந்தத் தோட்டம் காட்டும் வழி இதுதான்: வறண்ட ஊரில் பட்டாம்பூச்சிக்குக் குளுகுளு கூடம் தேவையில்லை, அந்த மண்ணின் செடி இருந்தால் போதும்.

பள்ளியிலோ வீட்டிலோ ஒரு பாத்தி

முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது நோக்கமானால் மேலே சொன்ன எந்தப் பயணமும் ஈடாகாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி இடமும், நாளைக்கு ஆறு மணி நேர வெயிலும் இருந்தால் போதும். மொட்டைமாடியில் தொட்டிகளிலும் செய்யலாம். ஆடியில் நட்டால் ஐப்பசியில் புழு இருக்கும்.

புழுவுக்கு: கறிவேப்பிலை நான்கு, எலுமிச்சை அல்லது நாரத்தை இரண்டு, எருக்கு இரண்டு, ஆடுதின்னாப்பாளை ஆறு, ஆவாரம் இரண்டு, ஒரு கைப்பிடி கிலுகிலுப்பை விதை. எருக்கை வீட்டில் வைக்க மாட்டேன் என்று பெரியவர்கள் சொன்னால் வெள்ளெருக்கு வையுங்கள். பிள்ளையாருக்கும் ஆச்சு, வெந்தய வரியனுக்கும் ஆச்சு. ஒரு எச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சின்னப் பிள்ளைகள் இலையை ஒடிக்கக் கூடாது, தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போங்கள்.

தேனுக்கு: இட்லிப்பூ நான்கு, சீமை நாயுருவி நான்கு, இடையில் தும்பை தானாக முளைத்தால் பிடுங்காமல் விடுங்கள். உண்ணிச்செடியில் பட்டாம்பூச்சி மொய்க்கும் என்பது உண்மை. ஆனாலும் நட வேண்டாம், விதையைக் குருவி கொண்டுபோய் மலையெல்லாம் பரப்பிவிடும். ஏற்கெனவே பரப்பியாகிவிட்டது. ஒரு மண் தட்டில் மணல் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, தினமும் ஈரமாக வைத்தால் அமிர்தி ஓடைக்கரையில் ஒரு சாண் நம் வீட்டில்.

பார்க்க வேண்டியது கறிவேப்பிலையின் இளந்துளிரில். குண்டூசித் தலை அளவில், வெளிர்மஞ்சளாய், உருண்டையாய் ஒரு முட்டை. மூன்று நான்கு நாளில் வரும் புழு பறவை எச்சம் போலவே கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். குருவி தொடாமல் இருக்க இந்த வேஷம். நான்கு முறை தோலுரித்த பின் பச்சையாகிவிடும். அப்போது ஒரு குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து நாக்குப் பிளவு போல ஒரு சதைக்கொம்பு நீண்டு, நாற்றமும் அடிக்கும். பிள்ளைகள் மறுபடி மறுபடி தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டு முறைக்கு மேல் விடாதீர்கள், புழு களைத்துப்போகும்.

கெட்டுப்போவது எங்கே? பெரும்பாலும் நர்சரிச் செடியில். விற்பனைக்கு வைத்திருக்கும் கறிவேப்பிலை, எலுமிச்சைக் கன்றுகளுக்கு உடம்பு முழுக்கப் பரவும் பூச்சிமருந்து கொடுத்திருப்பார்கள். வெளியே கழுவினால் போகாது. புழு பொரித்து இரண்டு நாளில் சுருண்டு விழுந்தால் காரணம் இதுதான். இரண்டு மாதம் வளர்த்து, பழைய இலையைக் கிள்ளிவிட்டு, புதிதாக வந்த துளிரை நம்புங்கள். அக்கம்பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலை மரத்தடியில் முளைத்த கன்று கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. வேப்பெண்ணெய் இயற்கைதானே என்று தெளித்தாலும் புழு சாகும்.

அடுத்து எறும்பு. தொட்டியைத் தண்ணீர் நிரப்பிய அகலத் தட்டின் நடுவில் வைத்தால் ஏறாது, இலை சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தொட்டால் அதுவே பாலம். பிறகு ஒட்டுண்ணிக் குளவி: பெரிதாகும் புழு திடீரென்று அசையாமல் நின்று, பக்கத்தில் வெள்ளைப் பொட்டுகளாகச் சின்னக் கூடுகள் தெரிந்தால் அது போய்விட்டது என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு இதையும் காட்டலாம். இரண்டு புழுவையாவது காப்பாற்ற வேண்டுமென்றால், கிளையோடு சேர்த்துப் பழைய கொசுவலையால் ஒரு பை தைத்துக் கட்டிவிடுங்கள். ஒரு பைக்கு மூன்று புழுவுக்கு மேல் வேண்டாம், இலை தீர்ந்தால் பட்டினி கிடக்கும்.

கூட்டுப்புழு ஆன பின் எட்டிலிருந்து பன்னிரண்டு நாள். மேல்தோல் வழியாகச் சிறகின் நிறம் தெரிய ஆரம்பித்தால் மறுநாள் காலை வெளிவரும். பள்ளி என்றால் அன்று பிரேயருக்கு முன்பே பிள்ளைகளை வரவழைக்க வேண்டும், ஒன்பதரைக்குள் சிறகு காய்ந்து பறந்துவிடும். நகராட்சிக் கொசுப்புகை வண்டி எந்த நாள் தெருவுக்கு வரும் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அன்று மாலை பாத்தியை ஈரச் சாக்கால் மூடுங்கள். புகை அடங்கியதும் சாக்கை எடுத்துவிட வேண்டும், இரவு முழுக்க மூடிவைத்தால் உள்ளே வெந்துவிடும்.